ஹிட்லர் இடதுசாரியா? குறிகட்டுவான் இறங்குதுறையில் எழுந்த ஒரு கேள்வி

கடந்த மாதம் நயினாதீவுக்குச் செல்வதற்காகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்திருந்தோம். லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கையின் மகனும் உடன் வந்திருந்தான். கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று கேட்டான்: “மாமா, ஹிட்லர் இடதுசாரிதானே? கட்சியின்ட பேரிலயே சோசலிசம் இருக்கே. பிறகு ஏன் எல்லாரும் அவரை வலதுசாரி எண்டு சொல்றீங்க?”

நான் பதில் சொல்வதற்குள் பக்கத்து வாங்கில் குடையோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டார். வேலணையில் படிப்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று பிறகு தெரிந்தது. “தம்பி, பேரில என்ன இருக்கு? எங்கட நாட்டின்ர பேரை ஒருக்கா முழுசாச் சொல்லும் பாப்பம்” என்றார்.

இலங்கை ஜனநாயக சோசலிசக் குடியரசு. 1978ஆம் ஆண்டு யாப்பினால் அந்தப் பெயரை வைத்தவர் ஜே.ஆர். ஜயவர்தன. திறந்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்தவரும், 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் இறங்கிய பல்லாயிரம் அரச ஊழியர்களை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பியவரும் அவர்தான். அவரை இடதுசாரி என்று இந்நாட்டில் இதுவரை எவரும் அழைத்ததில்லை.

என் மருமகன் இந்தக் கேள்வியைத் தானாக உருவாக்கவில்லை. 2025 ஜனவரியில் ஜேர்மனியின் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏ.எப்.டி.யின் தலைவி அலிஸ் வைடல், எலொன் மஸ்க்குடன் நடத்திய நேரலை உரையாடலில் ஹிட்லர் ஒரு கம்யூனிஸ்ட் என்று சொன்னார். அதிலிருந்து சமூக வலைத்தளங்களில் இந்தக் கதை பரவிக்கொண்டிருக்கிறது. முஸ்லிம் குடியேறிகளை வெளியேற்ற வேண்டும் என்று ஐரோப்பாவில் பேசுகின்ற கட்சிகளுக்கு ஹிட்லர் ஒரு பாரம். அந்தப் பாரத்தை எதிர்த்தரப்பின் தோளில் ஏற்றிவிட முடிந்தால் அவர்களுக்கு எவ்வளவு வசதி! ஆகவே இதை வெறும் புத்தக விவாதம் என்று நாம் கடந்து போக முடியாது. இன்னொரு பக்கம், நம் நாட்டில் இன்று ஆட்சியில் இருப்பது மாக்சியக் கட்சி என்று தன்னைச் சொல்லிக்கொண்டு வளர்ந்த ஜே.வி.பி.யின் தலைமையிலான அரசாங்கம். அவர்களை நம்பலாமா என்ற கேள்வி ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் அடிக்கடி எழுகிறது. இரண்டு கேள்விகளும் வேறு வேறல்ல என்பதே என் கருத்து.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். இடது, வலது என்ற சொற்கள் 1789ஆம் ஆண்டு பிரான்சின் தேசிய சபையில் இருக்கை ஒழுங்கிலிருந்து வந்தவை. மன்னரின் அதிகாரத்தையும் பிரபுக்களின் சலுகைகளையும் காப்பாற்ற நினைத்தவர்கள் தலைவரின் வலப்பக்கம் அமர்ந்தார்கள். அவற்றைக் குறைக்க வேண்டும் என்றவர்கள் இடப்பக்கம் அமர்ந்தார்கள். அன்றைய சண்டை அரசாங்கம் பெரிதா சிறிதா என்பதல்ல. மனிதர்கள் பிறப்பால் சமமா, இல்லையா என்பதுதான். அரசு பொருளாதாரத்தில் தலையிட்டால் அது இடது, தலையிடாவிட்டால் வலது என்று அளப்பது பின்னால் வந்த சுருக்குவழி. அந்த அளவுகோலைப் பிடித்தால் மன்னராட்சிகளும் சோசலிசம் ஆகிவிடும்.

முசோலினி சோசலிஸ்டாகத்தான் தொடங்கினார் என்பது உண்மை. இத்தாலிய சோசலிசக் கட்சியின் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். முதலாம் உலகப் போரில் இத்தாலி இறங்க வேண்டும் என்று வாதிட்டதால் 1914இல் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1919இல் அவர் மிலானில் தொடங்கிய இயக்கத்தின் கருஞ்சட்டையினர் அடுத்த சில ஆண்டுகளில் யாருடைய கட்டடங்களைக் கொளுத்தினார்கள்? தொழிற்சங்க அலுவலகங்களையும் கூட்டுறவுச் சங்கங்களையும் சோசலிசப் பத்திரிகை அச்சகங்களையும்தான். 1924இல் கொலையுண்ட மத்தியோத்தி ஒரு சோசலிச நாடாளுமன்ற உறுப்பினர்.

ஹிட்லரின் கதை இதைவிடத் தெளிவானது. 1933 பெப்ரவரியில் ஜேர்மனியின் பெரும் தொழிலதிபர்கள் அவரைச் சந்தித்துத் தேர்தல் நிதி தரச் சம்மதித்தார்கள். மார்ச்சில் டாஹாவ் முகாம் திறக்கப்பட்டபோது முதலில் அடைக்கப்பட்டவர்கள் கம்யூனிஸ்டுகளும் சமூக ஜனநாயகவாதிகளும். சர்வ அதிகாரங்களையும் ஹிட்லருக்கு வழங்கும் சட்டம் மார்ச் 23ஆம் திகதி வந்தபோது எதிர்த்து வாக்களித்த ஒரே கட்சி சமூக ஜனநாயகக் கட்சி. கம்யூனிஸ்டுகள் சபைக்கு வரவே முடியாத நிலையில் இருந்தார்கள். மே தினத்தை விடுமுறையாக்கிக் கொண்டாடிவிட்டு, மறுநாளே தொழிற்சங்கக் கட்டடங்கள் அனைத்தையும் கைப்பற்றினார்கள். பெயரிலிருந்த சோசலிசத்தை ஓரளவேனும் பொருட்படுத்தியவர் கிரெகர் ஸ்ட்ராசர். அவர் 1934 ஜூன் 30ஆம் திகதி கொல்லப்பட்டார். வங்கிகளிலும் உருக்காலைகளிலும் அரசிடம் இருந்த பங்குகள் தனியாருக்கு விற்கப்பட்டன. இதற்குப் பிறகும் ஒருவர் அதைச் சோசலிசம் என்றால், மறவன்புலவு என்ற பெயரைக் கேட்டு அங்கே மறவர் படை இருக்கிறது என்று நம்புவதற்கு ஒப்பானது.

ஆகவே பாசிசத்தின் இடம் வலது ஓரம்தான். இவ்வளவையும் படகு வருவதற்குள் மருமகனுக்குச் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியர், “அது ஜேர்மனி. இந்தத் தீவுகளுக்கு வந்து சொல்லும்” என்றார். அங்கேதான் எனக்குச் சிக்கல் தொடங்கியது.

தீவகம் அரசியல் சாயங்கள் அனைத்தையும் கண்ட மண். ஊர்காவற்றுறைத் தொகுதி 1956 முதல் 1977 வரை தமிழரசுக் கட்சியின், பிறகு கூட்டணியின் கோட்டை. இடதுசாரிகள் அங்கே ஒருபோதும் வென்றதில்லை. (வடக்கில் அவர்கள் வென்றது 1956இல் பருத்தித்துறையில், பொ. கந்தையா மூலம்.) ஆனால் சோசலிசம் என்ற சொல் தோற்றவர்களின் சொத்தாக மட்டும் இருக்கவில்லை. 1976 மே 14ஆம் திகதி வட்டுக்கோட்டைத் தீர்மானம் கோரியது சுதந்திரமான, இறைமையுள்ள, மதச்சார்பற்ற, சோசலிசத் தமிழீழம். விடுதலைப் புலிகள் எண்பதுகளில் தமது வேலைத்திட்டமாகச் சொன்னதும் சோசலிசத் தமிழீழம். ஈ.பி.ஆர்.எல்.எப். மாக்சியம் பேசியது. அதிலிருந்து பிரிந்து வந்தவர் டக்ளஸ் தேவானந்தா. ஏறக்குறைய எல்லா இயக்கங்களும் சிவப்பு நிறத்தில்தான் எழுதின. 1986இல் டெலோவையும், அவ்வருட இறுதியில் ஈ.பி.ஆர்.எல்.எப்.பையும் புலிகள் அழித்தபோது, சோசலிசம் பேசியவர்களைச் சோசலிசம் பேசியவர்களே தெருவில் சுட்டார்கள்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஒக்டோபர் 15இல் சாவகச்சேரி. 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரம், ஒஸ்மானியாக் கல்லூரி மைதானம், இரண்டு மணிநேர அவகாசம். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 பேர். நயினாதீவுப் பள்ளிவாசலின் ஜமாஅத்தாரும் அந்தக் காலத்தில் ஊரிழந்தவர்களே. நம் வாசகர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: ஒரு மக்கள் கூட்டத்தை அதன் மதத்தை மட்டும் வைத்து ஓர் இரவுக்குள் நிலத்திலிருந்து துடைத்தெடுப்பது எந்தப் பக்கத்துச் செயல்?

பாசிசம் என்று நம்மில் பலர் அன்றிலிருந்து சொல்லி வருகிறோம். தமிழ்ச் சமூகத்துக்குள்ளிருந்தே மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பினர் அந்தச் சொல்லைத் துணிந்து பயன்படுத்தினார்கள். அவர்களில் ஒருவரான ராஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21இல் உயிரைக் கொடுத்திருந்தார். ஏக பிரதிநிதித்துவம், தலைவர் மீதான விசுவாசப் பிரமாணம், மாற்றுக் கருத்துக்குத் துரோகிப் பட்டம், சாவை வழிபடுவது: இவையெல்லாம் பாசிசத்தின் அடையாளங்கள்தான், மறுப்பதற்கில்லை. எனினும் முழுமையாகப் பொருந்துகிறதா என்றால் எனக்குத் தயக்கம் உண்டு. பாசிசம் ஒரு நாட்டின் பெரும்பான்மையினரிடமிருந்து, அதன் செல்வந்தர்களின் ஆசியோடு, அரச இயந்திரத்தைக் கைப்பற்ற எழுவது. புலிகள் எழுந்தது ஓர் ஒடுக்கும் அரசுக்கு எதிராக. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் குறைந்தது 23 பேர் வெட்டிக் கொல்லப்பட்டபோது, அந்தப் படகில் இருந்தவர்களுக்கு அரசு எப்படித் தெரிந்தது என்பதை மறந்துவிட்டு நாம் புலிகளைப் பற்றிப் பேச முடியாது. ஒரு செயல் பாசிசச் செயலாக இருக்கலாம். செய்தவர்களின் பிறப்பு வேறாக இருக்கலாம்.

இந்த இடத்தில் நம் இடதுசாரி நண்பர்கள் தப்பிக்கப் பார்ப்பார்கள். “புலிகள் உண்மையான சோசலிஸ்டுகள் அல்ல, ஆகவே கணக்கு எங்களுக்கு இல்லை” என்பார்கள். அது அவ்வளவு இலகுவல்ல. 1944 பெப்ரவரி 23இல் செச்சென் மக்களையும், மே மாதம் 18ஆம் திகதி தொடக்கம் மூன்று நாட்களில் கிரைமியத் தாத்தாரியர்களையும் மாட்டு ரயில்களில் ஏற்றி மத்திய ஆசியாவுக்கு அனுப்பியவர் ஸ்டாலின். இரண்டும் முஸ்லிம் சமூகங்கள். முழுச் சமூகமும் துரோகி என்பதே காரணம். அதை எந்த வலதுசாரியின் கணக்கிலும் எழுத முடியாது. இன்று சின்ஜியாங்கில் உய்குர் முஸ்லிம்களை முகாம்களில் அடைத்ததும் கம்யூனிஸ்ட் என்ற பெயரிலுள்ள ஆட்சியே. ஒஸ்மானியா மைதானத்தில் நின்றவர்களின் நிலையை கிரைமியாவின் ஒரு தாத்தாரிய மூதாட்டிக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

அப்படியானால் இடது, வலது என்ற பிரிப்பே பயனற்றதா? ஆசிரியர் அப்படித்தான் நினைத்தார். “அடி வாங்கினவனுக்கு வலக் கையா இடக் கையா எண்டதில என்ன?” என்று கேட்டார். வலிக்கு வித்தியாசமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நியாயம் கேட்கப் போகும்போது வித்தியாசம் இருக்கிறது. ஹிட்லர் யூதர்களை அழித்தது அவருடைய கொள்கையின் மீறல் அல்ல, அதன் நிறைவேற்றம். ஒரு நாஜியிடம் போய் “உன் கொள்கைக்கே நீ துரோகம் செய்துவிட்டாய்” என்று சொல்ல முடியாது. சமத்துவம் பேசுகிறவரிடம் அதைச் சொல்ல முடியும். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த ஊடகவியலாளர் சந்திப்பில் அன்டன் பாலசிங்கம் முஸ்லிம்களின் வெளியேற்றத்தை ஓர் அரசியல் தவறு என்று ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. மன்னிப்பு போதுமானதா, மனப்பூர்வமானதா என்பது வேறு விடயம். தவறு என்று சொல்ல வேண்டிய கட்டாயம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். விடுதலை என்று அவர்களே எழுதி வைத்த சொல்லிலிருந்து வந்தது.

ஈ.பி.டி.பி.யின் கதையும் இதோடு சேர்ந்தது. 1990க்குப் பிறகு படையினரின் கட்டுப்பாட்டுக்கு வந்த தீவகத்தில் அவர்களே சிவில் நிர்வாகத்தின் முகம். 1994 பொதுத் தேர்தலில் யாழ். மாவட்டத்தின் பத்து ஆசனங்களில் ஒன்பதை வென்றார்கள். மாவட்டம் முழுவதிலும் பெற்ற வாக்குகள் பத்தாயிரத்துச் சொச்சம், பெரும்பாலும் தீவகத்திலிருந்து. மிஞ்சிய ஓர் ஆசனம் இடம்பெயர்ந்த நம் மக்களின் இரண்டாயிரமளவு வாக்குகளால் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸுக்குக் கிடைத்தது என்பதை இளைய வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். புரட்சி பேசி வந்த ஒரு கட்சி அரச படைகளின் நிழலில் முப்பது ஆண்டுகள் நின்றது. வீதி, மின்சாரம், வேலைவாய்ப்பு என்று பலருக்கு உதவியது. அதே காலத்தில் மாற்றுக் கட்சியினர் தீவகத்துக்குள் காலடி வைக்கவே அஞ்சினார்கள். 2001ஆம் ஆண்டு தேர்தல் பிரச்சாரத்துக்குப் போன தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் நாரந்தனையில் தாக்கப்பட்டு இருவர் இறந்தார்கள். இதைப் பாசிசம் என்பது சொல்லை மலிவாக்குவது. இடதுசாரி என்பது நகைப்புக்குரியது. தோற்றுப்போன புரட்சி கடைசியில் ஒரு தரகு அலுவலகமாக மாறிய கதை இது. தென்னிலங்கையிலும் இதைப் பார்த்திருக்கிறோம்.

தென்னிலங்கை இடதுசாரிகளின் வீழ்ச்சி இதைவிடக் கசப்பானது. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்தவர்கள் சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும். 1956இல் தனிச் சிங்களத்தையும் எதிர்த்தார்கள். அதே கட்சிகள் 1966 ஜனவரி 8ஆம் திகதி, தமிழ் மொழி விதிகளுக்கு எதிராகக் கொழும்பில் ஊர்வலம் போயின. டட்லியின் வயிற்றில் மசாலா வடை இருப்பதாகக் கோஷமிட்டார்கள். 1972 யாப்பை வரைந்தவர் கொல்வின் ஆர். டி சில்வா. சிங்களமும் பௌத்தத்துக்கு முதன்மை இடமும் அந்த யாப்பில் ஏறின. 2018 ஜூனில் அஸ்கிரிய பீடத்தின் அனுநாயக்க தேரர் ஒருவர், ஹிட்லராக மாறியாவது நாட்டைக் கட்டியெழுப்பும்படி கோட்டாபய ராஜபக்ஷவுக்கு அறிவுரை சொன்னபோது, அந்த முகாமில் பழைய இடதுசாரிக் கட்சிகளும் இருந்தன. நம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட 2020, 2021ஆம் ஆண்டுகளில் அவர்களின் பிரதிநிதி அமைச்சரவையில் அமர்ந்திருந்தார். நேர்மையாகச் சொல்வதென்றால் நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்ல. அதே கோட்டாபயவுக்கு அதிகாரங்களை அள்ளிக் கொடுத்த 20ஆவது திருத்தத்துக்கு 2020 ஒக்டோபரில் கையுயர்த்திய முஸ்லிம் உறுப்பினர்களை நாம் இன்னும் மேடையில் ஏற்றி மாலை போடுகிறோம்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். 2021 மார்ச்சில் அடக்கத்துக்கு இடமாக அரசாங்கம் முதலில் அறிவித்தது இரணைதீவை. போரினால் இடம்பெயர்ந்து மீண்ட ஏழைக் கத்தோலிக்க மீனவர்களின் தீவு அது. அவர்கள் எதிர்த்தார்கள், பிறகு ஓட்டமாவடி தீர்மானிக்கப்பட்டது. ஒரு சிறுபான்மையின் மையித்தை இன்னொரு சிறுபான்மையின் வாசலில் கொண்டுபோய் இறக்கி இருவரையும் மோதவிடுவது எனக்குப் பாசிசத்தின் பாடப்புத்தக உத்தியாகத் தெரிந்தது. கடைகளைப் பகிஷ்கரிக்கும் உத்தியும் அப்படித்தான். 1933 ஏப்ரல் 1ஆம் திகதி யூதக் கடைகளின் முன் நாஜிகள் நின்றார்கள். 2014இல் அளுத்கம, 2018இல் திகன, 2019இல் மினுவாங்கொட. அதற்கு முன் 1958இலும் 1977இலும் 1983இலும் தென்னிலங்கையில் எரிந்த கடைகளில் புங்குடுதீவாரின், வேலணையாரின் கடைகள் எத்தனை! ஆசிரியரின் சிறிய தகப்பனாருக்கும் மாத்தறையில் ஒரு கடை இருந்ததாம். அதை அவர் சொன்னபோது சிரிக்கவில்லை.

இப்போது ஜே.வி.பி. 1965இல் றோகண விஜேவீர தொடங்கிய கட்சி. அதன் ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. அந்த வகுப்பில் நாட்டின் ஆக வறிய தொழிலாளர்களான மலையக மக்களே இந்தியாவின் கருவிகளாகச் சந்தேகிக்கப்பட்டார்கள். தொழிலாளியை வர்க்கமாகப் பார்க்காமல் இனமாகப் பார்த்த அந்தக் கணத்தில்தான் இடது வலதாக மாறத் தொடங்குகிறது. 2006இல் வடக்கு கிழக்கு இணைப்பை உடைக்க நீதிமன்றம் போனவர்களும் அவர்களே. (கிழக்கில் நம்மவர்கள் பலர் அதை வரவேற்றார்கள், ஆனால் அது வேறு காரணத்துக்காக.)

அந்தக் கட்சி மாறிவிட்டதா? 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களை வென்றது. யாழ். மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்று அவர்களுக்கு. 1994 முதல் நாடாளுமன்றத்தில் இருந்த டக்ளஸ் தேவானந்தா தோற்றார். தெற்கின் ஒரு கட்சிக்கு வடக்கு இப்படி வாக்களித்தது சாதாரண விடயமல்ல. ஆனால் அமைத்த அமைச்சரவையில் ஒரு முஸ்லிமும் இல்லை. பலஸ்தீனத்துக்காக மேடைகளில் பேசியவர்களின் ஆட்சியில், 2025 மார்ச்சில் இஸ்ரேலுக்கு எதிராக ஸ்டிக்கர் ஒட்டிய ஓர் இளைஞர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டார். அது 1979இல் ஜே.ஆர். மூன்று ஆண்டுகளுக்கு என்று கொண்டுவந்த சட்டம். நீக்குவோம் என்று தேர்தலில் சொன்னவர்கள் இவர்கள். 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் அலை மீண்டும் தமிழரசுக் கட்சியின் பக்கம் திரும்பியது.

இவர்களைப் பாசிசவாதிகள் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெரும்பான்மை இனத்தின் கோபத்தைச் சிறுபான்மை மீது ஏவி இவர்கள் ஆட்சிக்கு வரவில்லை. வந்த பிறகும் ஏவவில்லை. இது கடந்த பத்தாண்டுகளை அனுபவித்த நமக்குச் சிறிய விடயமல்ல. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுகளின் மின்சாரத்துக்கு இந்தியா 1 கோடி 10 இலட்சம் டொலர் நன்கொடை தருகிறது. விஸ்தரிப்புவாத வகுப்பெடுத்த கட்சி அதை ஏற்றிருப்பதும் நல்ல மாற்றம்தான். எனக்குள்ள சந்தேகம் வேறு. 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி கச்சதீவுக்குப் போனார். தெற்கில் கைதட்டல் கிடைத்தது. ஆனால் இழுவைமடிப் படகுகளால் வலையிழக்கும் நெடுந்தீவு மீனவருக்கும், அந்தப் படகில் நாட்கூலிக்கு வரும் இராமேஸ்வரத்துத் தொழிலாளிக்கும் இடையிலான பிரச்சினையைக் கொடியால் தீர்க்க முடியாது. படகு முதலாளி கரையில் இருக்கிறார், கடலில் மோதுகிறவர்கள் இரண்டு ஏழைகள். ஒரு சோசலிச அரசாங்கம் வேறு எவரையும்விட முதலில் பேச வேண்டிய விடயம் இது. 2017ஆம் ஆண்டிலிருந்து இழுவைமடிக்குச் சட்டத்தில் தடை இருக்கிறது, கடலில் இல்லை.

படகு வந்துவிட்டது. ஆசிரியர் அம்மாளாச்சி கோயிலுக்கு, அதே படகில் நாகவிகாரைக்குப் போகும் சிங்களக் குடும்பங்கள், நாங்கள் பள்ளிவாசலுக்கு. ஏறும்போது மருமகன் ஆசிரியரிடம், “அப்ப சேர், நீங்க இந்த முறை ஆருக்கு வாக்குப் போட்டீங்க?” என்று கேட்டுவிட்டான்.

“2024இல அவைக்குத்தான் போட்டனான். இந்த வருஷம் போடேல்ல” என்றார். பிறகு, “அந்தச் சட்டத்தை எடுத்தால் யோசிக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே மிதவை அங்கியை மாட்டினார்.